ஏழு புள்ளி எண்பத்தாறு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து பஷீர் காம்பவுண்டு எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் வாயைத் திறக்காமலே கையைக் காட்டுவார். நாலுக்கு நாலு எதிரெதிராக எட்டு வீடுகள், நடுவில் சிமெண்டுத் தரை, கோடியில் தண்ணீர்த் தொட்டி. பெயர்தான் பஷீர் அகமதுவுடையது. அவர் காலையில் ஹார்டுவேர் கடைக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் தலைகாட்டுவார். எட்டாம் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார். காம்பவுண்டை ஆள்வது அவர் மனைவி அத்தியா. மோட்டார் போடுவதும் அணைப்பதும் அவள். யார் வீட்டுத் துணி யார் கொடியில் காய்கிறது என்கிற பஞ்சாயத்தும் அவளிடம்தான். எட்டு வீட்டுக்கும் பொதுவாக வந்திருக்கிற ஒரே நெட் லைனைக் கட்டி மேய்ப்பதும் அவளேதான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவள். வயது நாற்பத்தேழு. இவள் நெட்டை மேய்ப்பதாவது என்று சிரித்தவர்கள் உண்டு. லைன் இழுக்க வந்த ஆள் அரைகுறையாக முடித்துவிட்டு ஓடப் பார்த்தபோது, அவன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எதற்கு, அது எதற்கு என்று குடைந்து எடுத்துவிட்டாள். மிச்சத்தை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அவள் புரிந்துகொண்டது இவ்வளவுதான். நெட்டில் சேருகிற ஒவ்வொரு சாமானுக்கும், அது செல்லோ டிவியோ, ஒரு நம்பர் வேண்டும். வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. வெளியிலிருந்து வருவதெல்லாம் அந்த நம்பரைப் பார்த்துத்தான் இடம் சேரும். சும்மா விட்டால் வைஃபை பெட்டியே வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரு நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்படி விட்டதில்தான் முதல் மாதம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிறவர் வரைக்கும் பாஸ்வேர்டு பரவி, காம்பவுண்டில் ஒரு வீட்டிலும் படம் ஓடவில்லை. அந்தத் தானதர்மத்தை அத்தியா ஒரே நாளில் நிறுத்தினாள். இனிமேல் செல்லைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் அதற்குள் புகுந்து நம்பரைப் பதிந்து தருவாள். முதல் வீட்டுக்குப் பதினொன்று முதல் பத்தொன்பது வரை, இரண்டாம் வீட்டுக்கு இருபத்தொன்று முதல், எட்டாம் வீட்டுக்கு எண்பத்தொன்று முதல். ஒரு நாற்பது பக்க நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் போட்டு எழுதி வைத்தாள்.

அந்த நம்பருக்கு முன்னால் இன்னும் மூன்று எண்கள் உண்டு. அதில் மூன்றாவதை மட்டும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று லைன்காரன் சொல்லியிருந்தான். "ஏழு போடு," என்றாள் அத்தியா, கொஞ்சமும் யோசிக்காமல். ஏன் ஏழு என்று அவனுக்குப் புரியவில்லை. காம்பவுண்டில் இருந்த பாய் வீடுகளுக்கு உடனே புரிந்தது. ஏழு புள்ளி எண்பத்தாறு என்று ஒரு விலாசம் வரும். எழுநூற்று எண்பத்தாறு. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆட்டோவின் முதுகிலும் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதுகிற அதே எண்.

எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். அதிகமான கண், மூன்றாம் வீட்டு சுபுஹானுக்கு. ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தான். அவன் பைக் நம்பரில் 786, செல் நம்பர் முடிவது 786, கடை திறந்த தேதியைக்கூட எப்படியோ கூட்டிக் கழித்து அதில் கொண்டுவந்து நிறுத்துவான்.

"சாச்சி, அந்த எண்பத்தாற எனக்குக் குட்த்துடுங்களேன்."

"அது எட்டாம் வூட்டு வரிச. நீ மூணாம் வூடு. முப்பத்தாறு வச்சிக்கோ, அதுலயும் ஆறு வருது."

"எட்டாம் வூட்ல ஆளே இல்லியே."

"வருவாங்க இல்ல."

வந்தவள் சாலம்மாள். வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊர். கணவன் செத்து, அண்ணனுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கி, அரிசி மில்லில் நெல் காயவைத்துப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நெல் தூசியில் இமை முடிகூட வெளுத்திருக்கும். மகன் ஜெயப்பிரகாஷ், இருபத்திரண்டு வயது. போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போகிறவர்கள் கூட்டத்தில் அவனும் சேர்ந்தான். சத்தீஸ்கர் பக்கம். போனால் ஆறு மாதம், எட்டு மாதம். போவதற்கு முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு பழைய செல்லை வாங்கி, நம்பர் போட்டுத் தரச்சொல்லி அத்தியாவிடம் கொண்டுவந்தான்.

"பாயம்மா, அம்மா செல்லுக்கு ரீசார்ஜெல்லாம் பண்ணாதுங்க. இந்த வைஃபைலயே கூப்ட்டுக்கறேன். எனக்கும் அங்க டவர் கெடையாதாம். மேஸ்திரி ரூம்ல சாயங்காலம் மட்டும் நெட்டு வருதாம்."

முறைப்படி எண்பத்தொன்று போட வேண்டும். அத்தியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மீசை சரியாக அடரவில்லை. புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. அவள் நோட்டில் எண்பத்தாறு என்று எழுதினாள்.

"இது எங்க ஆளுங்க நம்பருடா செயா. ராசியானது. உங்கம்மா இந்த நம்பர்ல இருக்கிற வரைக்கும் நீ பத்திரமா இருப்ப, போ."

சுபுஹான் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மனைவி பாயிஸாதான் வந்து, "ஒரு நம்பருக்குப் போயி இந்த மனுசன் சோத்த வச்சிட்டு உக்காந்துகினு இருக்கு மாமி," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. மாலை ஆறரை மணிக்கு மேல் எட்டாம் வீட்டில் வாட்ஸ்அப் மணி அடிக்கும். சாலம்மாள் செல்லைக் காதில் வைக்க மாட்டாள், உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சத்தம் போட்டுப் பேசுவாள். மகன் என்ன சாப்பிட்டான் என்பது எட்டு வீட்டுக்கும் தெரியும். ஒருநாள் அவன் ஊருக்கு வரட்டுமா என்று கேட்டதும், "பொங்கல் வரைக்கும் இருடா, வேலைய வுட்டுட்டு வந்தா மறுபடி சேத்துக்க மாட்டாங்க," என்று அவள் அதட்டியதும் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஐப்பசியில் சாமை அறுப்புக்கு அண்ணன் கூப்பிட்டார் என்று சாலம்மாள் மலைக்குக் கிளம்பினாள். வெளியூர் போகிறவர்கள் அத்தியாவிடம் சொல்லிவிட்டுப் போவது காம்பவுண்டு வழக்கம். "ஒரு மாசம் ஆவும் பாயம்மா," என்று சொல்லிவிட்டு, செல்லை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த வாரமே சுபுஹான் வீட்டில் புது டிவி வந்து இறங்கியது. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற டிவி. பழைய கதை மறுபடி ஆரம்பமாயிற்று.

"புது சாமான் சாச்சி. மொதல்மொதல்ல நல்ல நம்பர்ல ஏறட்டும். அந்தம்மா வர்றதுக்குள்ள மாத்திக்கலாம். சத்தியமா."

காலியாக இருந்த நம்பர்கள் எத்தனை தெரியுமா? நூற்றைம்பதுக்கு மேல். ஒன்றைக்கூடச் சீண்ட ஆளில்லை. இந்த ஒன்றுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். அத்தியாவுக்கும் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அலுத்துவிட்டது. ஒரு மாதம்தானே என்று, டிவிக்கு எண்பத்தாறைப் பதிந்து கொடுத்தாள். நோட்டில் சாலம்மாள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சுபுஹான் டிவி என்று எழுதினாள். அறுப்பு முன்னாலேயே முடிந்துவிடும் என்பதை அவள் எப்படி அறிவாள்? இதை அவள் பின்னால் ஆயிரம் தரம் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அத்தியா தொட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது சாலம்மாள் தலையில் மூட்டையோடு காம்பவுண்டுக்குள் வந்தாள்.

"இன்னா சாலம்மா, ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போன?"

"அறுப்பு முடிஞ்சிபோச்சி பாயம்மா. மழ வர்ற மாதிரி இருந்துச்சி, ராவும் பகலுமா அறுத்துட்டோம். இந்தாங்க, உங்களுக்கு ரெண்டு படி சாம."

சாமையை வாங்கிக்கொண்டபோதே அத்தியாவுக்கு எண்பத்தாறு ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே வந்துவிட்டது. அதுதான் இந்தக் கதையில் பெரிய விஷயம். உடனே போய் டிவியின் நம்பரை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அன்று உலகக் கோப்பையில் இந்தியா ஆடுகிற மேட்ச். சுபுஹான் கடையை அடைத்துவிட்டு, புது டிவியைக் காட்ட மச்சான்மார்களையெல்லாம் விருந்துக்கு வரச் சொல்லியிருந்தான். விருந்தாளிகளுக்கு நடுவில் போய், நம்பரைப் பிடுங்க வந்தேன் என்று நிற்பதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

டிவி இன்னும் போடாத நேரம் என்பதால் சாலம்மாளின் செல் அப்போது நன்றாகவே வேலை செய்தது. அவள் மகனுக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள்: "வந்துட்டேன்டா செயா, அறுப்பு முடிஞ்சிது." சாயங்காலம் அவன் பக்கம் நெட் வந்ததும் அது போயும் சேர்ந்தது. இரண்டு மணிக்கு மூன்றாம் வீட்டில் மேட்ச் ஆரம்பித்தது. ஒரே நம்பரில் இரண்டு சாமான். எது பெரிதோ, எது ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறதோ, அதற்குத்தான் எல்லாம் போகும். சாலம்மாளின் செல்லில் வைஃபை கோடுகள் நிறைந்து நின்றன. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஆறரை மணிக்காகக் காத்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் செல்லை நீட்டிக்கொண்டு வந்தாள். "இதுல என்னமோ செவப்பா வந்துகினு இருக்கு பாருங்க."

அத்தியா வாங்கிப் பார்த்தாள். தவறிய அழைப்புகள். மேட்ச் முடிந்து டிவியை அணைத்த பிறகு மொத்தமாக வந்து விழுந்திருந்தன.

"ஆறு தபா கூப்ட்டிருக்கான் சாலம்மா."

"எப்ப எப்ப?"

"ஆறே முக்கால். ஆறு அம்பத்திரெண்டு. ஏழு மணி. ஏழு இருவது. ஏழே முக்கால். ஏழு அம்பத்தஞ்சி."

திருப்பிக் கூப்பிட்டார்கள். அவன் பக்கம் மணி போகவில்லை. அத்தியா நேராக மூன்றாம் வீட்டுக்குப் போய், நம்பர் சரியில்லை என்று ஒரே வார்த்தை சொல்லி, டிவியை முப்பத்தாறுக்கு மாற்றினாள். நோட்டில் பென்சிலால் எழுதியிருந்ததை ரப்பர் போட்டு அழித்தாள். அன்று மத்தியானம் மில்லுக்கு ஆள் வந்தது. விடிகாலையில் போர் லாரியில் ராடு தூக்குகிற சங்கிலி அறுந்து விழுந்ததில் ஜெயப்பிரகாஷ் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

உடலோடு கூட வந்தவன் அய்யனார், அதே லாரியில் வேலை செய்தவன். காரியமெல்லாம் முடிந்த பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சாலம்மாளிடம் சொன்னான். அத்தியாவும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு சர்வீசுக்குன்னு ஒரு வண்டி நம்ம ஊருக்குத் திரும்புச்சிமா. வர்றவன் வரலாம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இவனுக்கு வர்றதுக்கு ஆச. நீங்க பொங்கல் வரைக்கும் இருன்னு சொல்லியிருந்தீங்களாமே. உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கறேன்னுட்டு போட்டுக்கினே இருந்தான். வண்டி பொறப்படற வரைக்கும் போட்டான். அம்மாவுக்குக் கோவம் போல, எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டு, பைய எடுத்துக்கினு போயி மறுபடி ரூம்ல வச்சிட்டான்."

சாலம்மாள் அழவில்லை. தன் வலது கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். "நான்தான் எதையோ அமுக்கிட்டேன்," என்றாள். "மடியில வச்சிகினு இருந்தேன். இந்த வெரல் பட்டு என்னமோ ஆயிருக்கு."

அத்தியா வாயைத் திறந்தாள். சுற்றிலும் எட்டு வீட்டு ஜனமும் நின்றது. பிறகு சொல்லலாம், தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வியாழக்கிழமை நினைத்தாளே, அதே புத்திதான்.

அதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. விடியற்காலையில் பஜ்ரு தொழுகை முடிந்ததும் செல்லில் வைஃபை பெட்டியின் பட்டியலைத் திறந்து பார்ப்பது அவள் வழக்கம். யார் யார் நெட்டில் இருக்கிறார்களோ அந்த நம்பருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் போகப் போகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும், சாயங்காலம் திரும்பி வரும். எண்பத்தாறு மட்டும் அணைவதே இல்லை. சாலம்மாள் செல்லை மில்லுக்கு எடுத்துப் போவதை விட்டுவிட்டாள். இரவும் பகலும் சார்ஜரில் சொருகி, மகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். எதிர் வரிசையில் பூட்டிய வீட்டுக்குள் அது தனியாக விழித்துக்கொண்டிருப்பது அத்தியாவுக்குத் தன் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே தெரியும்.

எந்த வீட்டில் வாட்ஸ்அப் மணி அடித்தாலும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றுவிடுவாள். எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணுவாள். மூன்றாம் வீட்டில் டிவி சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். சாமையைச் சமைக்கவும் முடியவில்லை, எடுத்துப் போடவும் மனம் வரவில்லை. அது தூக்குவாளியோடு அலமாரியில் அப்படியே இருந்தது.

பஷீர் அகமது கவனித்துவிட்டுக் கேட்டார். "என்னா ஒரு மாதிரி இருக்க? அந்தப் பையன் விஷயமா? அல்லா எழுதுனது. நாம இன்னா பண்ண முடியும்?"

அல்லா எழுதியது சரி, எண்பத்தாறை எழுதியது யார் என்று அவளுக்குள் கேட்டது. சோற்றைப் பரிமாறினாள்.

எல்லாவற்றிலும் கொடுமை வெள்ளிக்கிழமை. அன்று மில் அரை நாள். சாலம்மாள் செல்லைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேராக வருவாள். இப்போதெல்லாம் இடது கையால்தான் அதைப் பிடிப்பாள்.

"பாயம்மா, இன்னொரு தபா பாருங்க. எப்ப எப்ப கூப்ட்டான்?"

அத்தியா வாசிப்பாள். ஆறே முக்கால். ஆறு அம்பத்திரண்டு. ஏழு. ஏழு இருபது. ஏழே முக்கால். ஏழு அம்பத்தைந்து. பார்க்காமலே சொல்ல வரும், இருந்தாலும் திரையைப் பார்த்து வாசிப்பாள்.

"ஏழு மணிக்கு நான் வாசப்படியில உக்காந்துகினு இருந்தேன். ஒரு கை மொறுக்கு தின்னேன். அப்ப அமுக்கியிருப்பனா?"

"நீ ஒண்ணும் அமுக்கல சாலம்மா."

"அப்புறம் ஏன் அடிக்கல? செல்லு நல்லாத்தான இருக்கு. நீங்கதான நம்பர் போட்டுக் குட்த்தீங்க. ராசியான நம்பர்னு சொன்னீங்க. அதுல தப்பு இருக்குமா? என் மேலதான் தப்பு."

பதினெட்டு வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் அத்தியா எழுந்திருப்பாள். சொன்னால் சாலம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள், காம்பவுண்டே தன் வாசலில் வந்து நிற்கும் என்பதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன்னைப் பார்த்ததும் சாமையை எடுத்து நீட்டியவளின் அந்தக் கண், இனித் தன்னை வேறு மாதிரிப் பார்க்கும். அதற்குத்தான் பயந்தாள். பயந்து பயந்து, தன் தப்பைச் சுமக்க அவளை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். வேறு எப்படிச் சொல்வது?

மாசி மாதத்தில் ஒரு காலை. தொழுகை முடிந்து பட்டியலைத் திறந்தாள். எண்பத்தாறில் பச்சைப் புள்ளி இல்லை.

நான்கு மாதமாக அது அணைந்தால் போதும் என்று இருந்தவள்தான். இப்போது அது இல்லாததைக் கண்டதும் எழுந்துவிட்டாள். தொழுகைத் துணியோடு அப்படியே சிமெண்டுத் தரையைக் கடந்து ஓடி எட்டாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் தரையில் கிடந்தது, செல் கறுத்துக் கிடந்தது. வலது கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

"வயர் கழண்டுபோச்சி பாயம்மா. சொருகத் தெரியல. எடது கையில வர மாட்டேங்குது."

அத்தியா துணியைப் பிரித்தாள். கட்டைவிரல் நகம் வரைக்கும் வெந்து கொப்பளித்திருந்தது.

"என்னா பண்ண? ஏய், என்னா பண்ண இத?"

"தோசக்கல்லுல வச்சேன்." ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன் என்பதுபோல் சொன்னாள். "இதுதான அமுக்குச்சி. இத வச்சிகினு இன்னா பண்றது?"

அத்தியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாகச் சொல்லாதது அங்கேதான் வெளியே வந்தது.

"நீ அமுக்கல. நான்தான். கேளு. நீ மலைக்குப் போயிருந்தப்ப உன் நம்பர எடுத்து சுபுஹான் வூட்டு டிவிக்குப் போட்டுட்டேன். ரெண்டு வூட்டுக்கு ஒரே கதவு நம்பர் எழுதிட்டா தபால்காரன் எந்த வூட்டுக்குப் போவான்? உனக்கு வந்தது எல்லாம் அந்த டிவிக்குப் போச்சி."

சாலம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் கூப்ட்டது டிவிக்குப் போச்சா?"

"ஆமா."

"டிவில மணி அடிச்சிதா?"

"டிவிக்கு அது இன்னான்னு தெரியாது சாலம்மா. அது பாட்டுக்குத் தூக்கிப் போட்டுடும்."

"ஆறு தபாவுமா?"

"ஆறு தபாவும்."

சாலம்மாள் அடுப்பைப் பார்த்தாள். "அன்னிக்கி அந்த வூட்ல எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குக் கேட்டுச்சி. என்னமோ சந்தோஷமா இருக்காங்கன்னு நெனச்சேன்."

அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நீ திரும்பி வந்தது தெரியாது, மறந்துபோயிற்று என்று ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டால் யார் கண்டது? அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தியா அதை விழுங்கினாள்.

"இன்னொண்ணும் இருக்கு. உன்ன தொட்டியாண்ட பாத்தப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சி. அப்பவே போயி மாத்தியிருந்தா ரெண்டு நிமிசம். விருந்தாளிங்க இருக்காங்க, நாளைக்கி பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

அவள் அழுதாள். சாலம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. கையை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டு, வெந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இது ஒண்ணும் பண்ணலியா?" என்று அந்த விரலிடமே கேட்டாள். அத்தியா ஆட்டோ வரச்சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிளம்புவதற்கு முன்னால் சாலம்மாள் செல்லை மட்டும் சார்ஜரில் சொருகித் தரச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அத்தியா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை வரைக்கும் காத்திருந்தாள். வந்து, எப்ப எப்ப கூப்ட்டான் என்று கேட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. விஷயம் காம்பவுண்டில் யாருக்கும் தெரியவில்லை. சாலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை.

விரல் ஆறியதும் வீட்டைக் காலி செய்தாள். அண்ணனிடமே போகிறேன் என்றாள். மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையை அத்தியாவின் கையில் கொடுத்தாள். உள்ளே செல்லும், வயரைச் சுருட்டிக் கட்டிய சார்ஜரும் இருந்தன.

"மலையில டவரும் இல்ல, வைஃபையும் இல்ல பாயம்மா. அங்க கொண்டும்போனா அவன் கூப்ட்டா கேக்காது. அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் இதான், இங்கதான் இருக்கு. நீங்களே வச்சிக்குங்க."

"சாலம்மா..."

"கோவமா சொல்லலிங்க. கூப்ட்டான்னா எடுங்க. வாடான்னு சொல்லுங்க. அவ்ளோதான் அவன் கேட்டது."

அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அத்தியா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனாள். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அந்த செல் அத்தியாவின் வீட்டில், கூடத்து ஜன்னல் ஓரமாக, சார்ஜரில் சொருகியபடி இருக்கிறது. கரண்டு போனால் அதற்கென்று ஒரு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறாள். பஷீர் அகமது இது யாருடையது என்று ஒருமுறை கேட்டார். அன்றுதான் அவரிடம் முழுக்கச் சொன்னாள். அவர் அல்லா எழுதியது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. செல்லை எடுத்துத் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

போன வாரம் சுபுஹான் வந்து வாசலில் நின்றான். வீட்டு வாசலுக்கு ஒரு புது கேமரா வாங்கியிருக்கிறானாம், கடையிலிருந்தே பார்க்கலாமாம்.

"சாச்சி, எட்டாம் வூடு காலியாத்தான இருக்கு. அந்த எண்பத்தாறு..."

"காலி இல்ல," என்றாள் அத்தியா.

"யாரு வந்திருக்காங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்துக் கடிகாரத்தில் மணி ஆறே கால் தாண்டியிருந்தது. முப்பத்தேழை எடுத்துக்கோ, நாளைக்கு வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படிச் சொல்லாமல், கேமராவை அப்போதே வாங்கி நம்பரைப் பதிந்து கொடுத்து அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் ஓரத்தில் அந்த செல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.